வாய்க்கால் சந்தியில் ஓர் அம்பு

"கல்லு அப்படியே இரிக்கி."

"ஓம் சேர்."

"நான் வழியெல்லாம் நெனச்சிக்கொண்டு வந்தன், வயக்காரன் யாராச்சும் தூக்கி வக்கடையில போட்டிருப்பாண்டு. தண்ணி மறிக்கக் கல்லு கண்டா அவனுகள் விடுவானுகளா? போன வருசம் பொடியன்மாருக்கும் அப்படித்தானே நடந்த. பாதி அம்பு வக்கடைக்குள்ள கிடந்த."

"ஓம் சேர்."

"இது அசையவே இல்ல. இத எப்படிக் காணாம விடுற, றஸ்னா? நீங்களே சொல்லுங்க."

நிப்றாஸ் சேர் வரம்பில் குந்தியிருந்து, கற்களில் கை படாமல் கைபேசியால் இரண்டு படம் எடுத்தார். ஏழு கற்கள். தண்டுக்கு மூன்று, இரண்டு பக்கத்துக்கும் இரண்டிரண்டு. அம்பின் முனை இடப்பக்கம் காட்டியது. அவர் எழுந்து, காற்சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, "பாவம் அந்தப் புள்ள" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கே வெயில் சுட்டது. கிட்டங்கிப் பாலம் தாண்டி, வயல்களுக்கு நடுவே வாய்க்கால் கட்டு இரண்டாகப் பிரியும் இடத்தில் நாங்கள் நின்றிருந்தோம். இடப்பக்கம் திரும்பினால் இருபது நிமிட நடையில் அரிசி ஆலை. நேரே போனால் வயல்கள் முடிந்து யானைவேலி வரும். வேலிக்கு அப்பால் பற்றைக்காடு. முந்தைய நாள் எங்கள் சாரணர் குழுவின் எட்டுப் பெண்பிள்ளைகள் இந்த இடத்தில் திரும்பாமல் நேரே போய்விட்டார்கள்.

நிப்றாஸ் சேர் கணித ஆசிரியர். மருதமுனையில் சனிக்கிழமை தோறும் கூடும் எங்கள் குழுவைப் பதினொரு வருடமாக நடத்துகிறவர். யாரையும் குற்றம் சொல்ல அவருக்கு வராது. அன்று காலை என்னை அங்கே கூட்டிக்கொண்டு வந்ததே அந்த எட்டுப் பேரின் அணித்தலைவி கேசினியைக் காப்பாற்றுவதற்காகத்தான். கற்கள் இருக்கக் கூடாது, இருந்தாலும் குலைந்து கிடக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே வந்திருப்பார். அப்படி இருந்திருந்தால் பழி ஒரு வயற்காரனின் வக்கடைக்குப் போயிருக்கும். பெயர் தெரியாத ஒரு வயற்காரன் அதைக் கேள்விப்பட்டிருக்கவும் மாட்டான். யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது.

அந்தக் கற்களை அடுக்கியது நான். அடுக்க வேண்டிய நேரத்தில் அல்ல. பிள்ளைகள் வழி தவறிப் போன பிறகு.

*

எங்கள் குழுவில் பெண்பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும் என்று கடிதம் எழுதியதும் நான்தான். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தேன். நான் படித்த காலத்தில் பள்ளிக்கூடத்தில் பெண்கள் சாரணியம் இருந்தது. பொறுப்பான டீச்சர் மாற்றலாகிப் போனதோடு அது நின்றுபோயிற்று. என் தம்பி சனிக்கிழமை மாலைகளில் கழுத்தில் ஸ்கார்ப் கட்டிக்கொண்டு போவதையும், இரவில் கயிற்றை எடுத்து முடிச்சுப் போட்டுப் பழகுவதையும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அவனைவிட நன்றாக முடிச்சுப் போடக்கூடிய அவனுடைய ஒன்றுவிட்ட சகோதரிகள்.

கடிதத்துக்கு இருபத்தேழு பெற்றோர் கையெழுத்து வைத்தார்கள். வீடு வீடாகப் போனேன். பாஹிமா ராத்தாவின் வீட்டுக்கு மட்டும் நான்கு தடவை போனேன். அவர் தையல்காரி. தலையை நிமிர்த்தாமல் மெசினை ஓட்டிக்கொண்டே கதைப்பார்.

"கைட்ஸ் எண்டு ஒண்டு இரிக்கித்தானே புள்ள. பொம்புளப் புள்ளைகளுக்கெண்டே. அத மறுகா நடத்தச் சொல்லிக் கடிதம் எழுதன். பொடியன்மாரோட என்னத்துக்கு ஓட்டம்?"

"அத நடத்த டீச்சர்மார் ஒருத்தரும் வாறாங்க இல்ல ராத்தா."

"அப்ப நீ டீச்சராகி வந்து நடத்து. நான் எண்ட சஹ்லாவ மொத ஆளா அனுப்புறன்."

"அதுக்கு அஞ்சு வருசம் போகும். அதுக்குள்ள சஹ்லாக்கு மாப்புள பாத்துருவீங்க."

அவர் சிரித்துவிட்டார். மெசின் நின்றது. "வாய்க்காரி" என்றார். "சரி. மூணு மாசம். ஆனா ஒண்டு சொல்றன் கேட்டுக்க. பொடியன் ஒருத்தன் குளத்துல விழுந்தா, பொடியன் விழுந்திட்டாண்டுதான் ஊரு சொல்லும். பொம்புளப் புள்ள ஒருத்தி விழுந்தா, இதுக்குத்தான் அனுப்பாதீங்கண்டு சொன்னம் எண்டு சொல்லும். எனக்கு ஊரோட சண்டை புடிக்க ஏலா."

குழுவின் பெற்றோர் கூட்டத்திலும் அதைத்தான் முடிவாக எடுத்தார்கள். மூன்று மாதம் பார்ப்பது. பெண்பிள்ளைகள் தனி அணியாக இருப்பார்கள். பொறுப்புக்கு ஒரு பெண் இருக்க வேண்டும், அது நான். மூன்று மாத முடிவில் கூடி, நிரந்தரமாகப் பதிவதா இல்லையா என்று கை உயர்த்தித் தீர்மானிப்பது.

எட்டுப் பேர் சேர்ந்தார்கள். ஏழு பேர் எங்கள் ஊர். எட்டாவது ஆள் கேசினி, பாண்டிருப்பு. பாண்டிருப்பு தமிழ் ஊர், எங்களுடையது முஸ்லிம் ஊர். வெளியூர் அல்ல, நடந்தே வரலாம். ஆனாலும் எங்கள் குழுவுக்கு அங்கிருந்து ஒரு பிள்ளையும் அதுவரை வந்ததில்லை. அவளுடைய அப்பா தங்கத்துரை கடலுக்குப் போகிறவர். நான் படிவத்தோடு போனபோது வலையில் சிக்கிய பாசியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். படிவத்தை வாசிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார்.

"நீங்க பாத்துக்கொள்ளுவீங்கதானே தங்கச்சி?"

"என்ட பொறுப்பு அண்ணன்."

ஈரக்கையைச் சாரத்தில் துடைத்துவிட்டுக் கையெழுத்து வைத்தார்.

கேசினிக்குப் பதினான்கு வயது. மெலிந்த பிள்ளை, அதிகம் கதைக்கமாட்டாள். மற்றவர்கள் ஒரு முறை பார்த்துவிட்டுப் போகிற இடத்தில் அவள் இரண்டு முறை பார்ப்பாள். அணித்தலைவியைப் பிள்ளைகளே துண்டுச் சீட்டில் எழுதித் தெரிவுசெய்தார்கள். எட்டுச் சீட்டில் ஆறில் அவளுடைய பெயர். சஹ்லா சீட்டில் "கேசினி தான்" என்று எழுதி இரண்டு கோடும் இழுத்திருந்தாள். அன்று எனக்கு இருந்த சந்தோசத்தை இப்போது நினைக்கவும் கூச்சமாக இருக்கிறது. பெண்பிள்ளைகளின் அணி, அதற்குப் பாண்டிருப்புப் பிள்ளை தலைவி, எல்லாம் என் ஒரு கடிதத்தால் வந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

*

வழிக்குறி நடை என்பது இதுதான். ஒருவர் முன்னால் போய்க் கற்களாலும் குச்சிகளாலும் புல் முடிச்சுகளாலும் வழியில் அடையாளம் வைத்துக்கொண்டே போவார். அணி ஒரு மணி நேரம் கழித்துப் புறப்பட்டு, அடையாளங்களைப் பார்த்துப் பார்த்து வந்து சேர வேண்டும். பிள்ளைகளிடம் கைபேசி இருக்கக் கூடாது. எங்கள் குழுவில் ஒரு விதி உண்டு, முதல் நாளே சொல்லிக்கொடுப்பது: அடையாளம் இல்லாத சந்தியில் நேரே போ. திரும்ப வேண்டும் என்றால் உனக்கு முன்னால் போனவர் சொல்லியிருப்பார்.

முன்னால் போனது நான்.

அந்தச் சனிக்கிழமை பதினேழு அடையாளங்கள் வைத்தேன். பதினேழாவதை ஒரு மருத மரத்தடியில் புல்லில் முடிந்துவிட்டு, நிழலில் உட்கார்ந்தேன். பையில் ஒரு நாவல் இருந்தது, எங்கோ பனி விழும் நாட்டுக் கதை, தமிழில் மொழிபெயர்த்தது. அதில் ஒருத்தி வண்டிக்காகக் காத்திருந்தாள். வண்டி வருகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு எழுந்துபோவது என்று நினைத்தேன். வாய்க்காலில் தண்ணீர் ஓடும் சத்தம். ஒரு கொக்கு. வண்டி வரவில்லை. நான் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே இருந்தேன்.

தூரத்தில் கேசினியின் விசில் கேட்டது. ஒரு அடையாளத்தைக் கண்டால் ஒரு தரம் ஊதுவது அவளுடைய பழக்கம். பிள்ளைகள் என்னைக் கண்டுவிட்டால் நடை பழுதாகிவிடும். புத்தகத்தைப் பைக்குள் திணித்துக்கொண்டு, வாய்க்கால் கட்டால் போகாமல் வயல் வரம்பில் இறங்கிக் குறுக்கே அரிசி ஆலைக்கு ஓடினேன். கட்டால் போயிருந்தால் சந்தி வந்திருக்கும். வரம்பால் போனதால் சந்தி வரவில்லை. வராத சந்தி என் நினைவிலும் வரவில்லை.

ஆலை வாசலில் நிப்றாஸ் சேர் வேனோடு நின்றார். நாலரைக்கு வந்திருக்க வேண்டிய பிள்ளைகள் ஐந்துக்கும் வரவில்லை. ஐந்தேகாலுக்கு அவர் என்னைப் பார்த்து, "கடைசி வளைவுல அம்பு வச்ச தானே?" என்று கேட்டார். "வச்ச சேர்" என்றேன். பொய் சொல்வதாக அப்போது எனக்குத் தோன்றவில்லை. வைக்காமல் இருந்திருப்பேன் என்று நம்ப முடியவில்லை. அவ்வளவுதான்.

அவர் வேனைத் தார் வீதியால் எடுத்தார். நான் ஆலையில் விட்டிருந்த என் ஸ்கூட்டியில் வாய்க்கால் கட்டால் போனேன். சந்திக்கு வந்ததும் நிறுத்தினேன். தரை வெறுமையாகக் கிடந்தது. பிள்ளைகளின் சப்பாத்துத் தடங்கள் ஈரமண்ணில் நேரே போயிருந்தன. சந்தியில் எல்லாத் தடங்களும் ஒன்றையொன்று மிதித்துக் குழம்பிக் கிடந்தன. அந்த இடத்தில் நீண்ட நேரம் நின்று தேடியிருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு நான் செய்ததை ஒருவரிடமும் சொன்னதில்லை. பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. எட்டுப் பிள்ளைகள் யானைவேலிப் பக்கம் போயிருக்கிறார்கள். நான் ஸ்கூட்டியை விட்டு இறங்கி, வாய்க்காலின் உட்பக்கம் கை விட்டுக் கல் பொறுக்கினேன். ஏழு கற்கள். ஈரமான பக்கத்தை என் அபாயாவில் துடைத்தேன். குழம்பிக் கிடந்த தடங்களுக்கு மேல் அல்ல, கொஞ்சம் தள்ளி, யாரும் மிதிக்காத மண்ணில், ஆனால் பார்க்கிறவர் கண்ணில் படும் இடத்தில் அடுக்கினேன். ஒரு கல் கோணலாக இருந்தது, அதைத் திருத்தியும் வைத்தேன். மூன்று நிமிடம் போயிருக்கும். அந்த மூன்று நிமிடமும் அவர்கள் எங்கே என்று எனக்குத் தெரியாது.

பிறகுதான் அவர்களைத் தேடிப் போனேன்.

வேலிக்குக் கிட்ட, ஒரு மதகின் மேல் இருந்தார்கள். ஒரு உழவு இயந்திரக்காரர் அவர்களைக் கண்டு, வெளிச்சத்தைப் போட்டபடி துணைக்கு நின்றார். சஹ்லாவுக்கு வாய்க்காலுக்குள் விழுந்து கால் பிரண்டிருந்தது. கேசினி தன் ஸ்கார்பால் அந்தக் காலை இறுக்கிக் கட்டி, அவளை முதுகில் தூக்கிக்கொண்டு அரை மைல் வந்திருந்தாள். முழங்கால் வரை சேறு. என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"எட்டுப் பேரும் இருக்கிறம் அக்கா. எண்ணிட்டன்."

சேரின் வேனில், தார் வீதியால் மருதமுனைக்கு வந்து சேரும்போது மஃரிப் தொழுகை முடிந்திருந்தது. ஒழுங்கை முழுக்க ஆட்கள். பாஹிமா ராத்தா மகளின் காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மகளை அணைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார். ஏசியிருந்தால் அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்று பலமுறை யோசித்திருக்கிறேன். சொல்லியிருக்கமாட்டேன்.

*

அடுத்த சனிக்கிழமை, வாசிகசாலை மண்டபத்தில் பெற்றோர் கூட்டம். நாற்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். மூன்று மாதம் முடியும் நாளும் அதுதான். அந்த ஒரு வாரமும் நான் எனக்குள்ளே ஒரு கணக்கைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தேன். பிழை என்னுடையது என்று தெரிந்தால், பொறுப்புக்கு வைத்த பெண்ணே இப்படி என்பார்கள். அணி மூடப்படும். எட்டுப் பிள்ளைகளும் வீட்டுக்குப் போக வேண்டும், இனி வரப்போகிறவர்களுக்கும் கதவு அடைபடும். பிழை ஒரு பிள்ளையின் கண்ணில் என்றால், அது ஒரு பிள்ளையோடு போகும். எப்படிக் கூட்டிக் கழித்தாலும் ஒரே விடைதான் வந்தது. அந்த விடையில் எனக்கும் ஒன்றும் ஆகாது என்பதை நான் கணக்கில் சேர்க்காத மாதிரி இருந்தேன்.

நிப்றாஸ் சேர் எழுந்து நடந்ததைச் சொன்னார். படத்தையும் காட்டினார். கைபேசி ஒவ்வொரு கையாக வரிசையில் போயிற்று.

"கல்லு நல்லாத்தானே தெரியிது" என்று ஒருவர் சொன்னார்.

"எங்கட புள்ளையத் தலைவியா வச்சிருந்தா இந்தக் கதை வந்திரிக்காது" என்று பின்னால் இருந்து இன்னொருவர்.

பாஹிமா ராத்தா எழுந்தார். மண்டபம் அடங்கியது. பெண்பிள்ளைகளின் அணி இருப்பதும் இல்லாததும் அவருடைய வாயில்தான் இருந்தது. அவர் முதலில் அந்த ஆளின் பக்கம் திரும்பினார்.

"எங்கட புள்ள, அவங்கட புள்ள எண்டு கதைக்காதீங்க காக்கா. அந்தப் புள்ளதான் எண்ட மகள முதுகுல சுமந்து வந்த. இந்த ஊருப் பொடியன் ஒருத்தன் செய்வானா தெரியா." பிறகு மற்றவர்களைப் பார்த்தார். "நான் இத மூடச் சொல்லப்போற இல்ல. எண்ட மகள் ஒரு கிழமையா அழுறாள், கால் நோவுல இல்ல, இத மூடிருவாங்கண்டு. ஆனா முன்னுக்குப் போற ஆளுக்குக் கவனம் வேணும். கவனம் இல்லாத ஆள் ஒண்டு இருந்தா எட்டும் போகும். அதுக்கு ஒரு முடிவு எடுங்க. நான் கை தூக்குறன்."

நிப்றாஸ் சேர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, எனக்கு ஒரு வழி விடுகிற மாதிரி, மெல்லக் கேட்டார். "றஸ்னா, நீங்கதானே புள்ளைகளோட பழகுற. நீங்க என்ன சொல்றீங்க? வேற ஏதும் காரணம் இரிக்கிமா?"

நாற்பது முகங்கள் என் பக்கம் திரும்பின. கடைசி வரிசையில் தங்கத்துரை அண்ணன் வெள்ளைச் சேர்ட் போட்டு வந்து, கைகளைத் தொடைகளில் வைத்துக்கொண்டு இருந்தார்.

"புள்ள கவனிக்கல்ல போல சேர்" என்றேன்.

நான் அந்தக் கூட்டத்தில் பேசியது அந்த ஒரு வரிதான்.

தங்கத்துரை அண்ணன் எழுந்தார். அவர் பேசுவார் என்று ஒருவரும் எதிர்பார்க்கவில்லை.

"கடல்ல நாங்க கரையில தெரியிற கோயிலையும் பள்ளி மினாராவையும் பாத்துத்தான் தோணியத் திருப்புறது. ஒண்டத் தப்பவிட்டா ஆள் இல்ல. அதச் சொல்லிச் சொல்லித்தான் இந்தப் பிள்ளைய வளத்தனான். எப்பிடி விட்டாளெண்டு எனக்குத் தெரியல்ல." தொண்டையைச் செருமினார். "கல்லு இருந்ததெண்டா இருந்ததுதானே. உங்கட பிள்ளைகளையும் அலைய வச்சிட்டாள். மன்னிச்சுக்கொள்ளுங்க."

அவர் திரும்ப உட்காரவில்லை. வாசலில் கழற்றிய செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

கைகள் உயர்ந்தன. பெண்பிள்ளைகளின் அணி நிரந்தரமாகப் பதியப்பட வேண்டும் என்பதற்கு முப்பத்தாறு. அணித்தலைவியை மாற்ற வேண்டும் என்பதற்கும் ஏறக்குறைய அத்தனை கைகள். கேசினியை விலக்கச் சொல்லி ஒருவரும் சொல்லவில்லை. சாதாரண உறுப்பினராக இருக்கலாம் என்றார்கள். ஆனால் அவள் இனி வரமாட்டாள் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வெளியே வந்தபோது பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பாஹிமா ராத்தா என் தலையைத் தடவி, "ஒண்ட வாயாலதான் புள்ள இது நடந்த" என்றார்.

அவர் சொன்னது நான் கடிதத்தோடு வீடு வீடாகப் போய்க் கேட்டதை.

*

அதற்குப் பின் இரண்டு சனிக்கிழமைகள் போயின. என்னை உதவிச் சாரணத் தலைவராக நியமித்து நிப்றாஸ் சேர் என் தோளில் பட்டி குத்தினார். ஐந்து புதுப் பிள்ளைகள் சேர்ந்தார்கள். சஹ்லா புதிய அணித்தலைவி. அவள் கேசினியிடம் விசிலைக் கேட்டு வாங்க மறுத்துவிட்டாள். கடையில் புதிதாக ஒன்று வாங்கி வந்தாள். விளையாட்டு நேரத்தில் என்னிடம் வந்து, "ராத்தா, அண்டைக்கு நாங்க எட்டுப் பேரும்தானே பாத்த. எட்டுப் பேருக்குமா கண் தெரியல்ல?" என்று கேட்டாள். இருட்டத் தொடங்கியிருந்தது, களைத்திருந்தீர்கள் என்று ஏதோ சொன்னேன். "இருட்டல்ல ராத்தா, நல்ல வெயில்" என்றாள். பிறகு பந்து வந்து விழுந்தது, ஓடிவிட்டாள்.

தொழுதுவிட்டு மன்னிப்புக் கேட்டேன். கேட்கும்போதே ஓதல் பள்ளியில் படித்தது நினைவுக்கு வந்துவிடும். அல்லாஹ்வுக்குச் செய்த குற்றத்தை அல்லாஹ் மன்னிப்பான். மனுசருக்குச் செய்ததை அந்த மனுசர்தான் மன்னிக்க வேண்டும், அதை அவன் தன் கையில் எடுத்துக்கொள்வதில்லை. சின்ன வயதில் இதை ஒரு பென்சில் திருடியதற்காக எனக்குச் சொல்லித்தந்தார்கள். நான் பென்சிலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன், முடிந்தது. இதற்கு எதைக் கொண்டுபோய்க் கொடுப்பது?

ஒரு நாள் பாண்டிருப்புக்கும் போனேன். அவர்கள் வீட்டு வேலி தெரியும் தூரத்தில் ஸ்கூட்டியை நிறுத்தினேன். கேசினி முற்றத்தில் ஒரு வாளியில் தண்ணீர் கொண்டுபோனாள். தண்ணீரை ஊற்றிவிட்டு நிமிர்ந்தவள் வேலியோரத்தில் எதையோ உற்றுப் பார்த்தாள். குனிந்து அதை எடுத்தாள், போத்தல் மூடியோ எதுவோ. நான் திரும்பி வந்துவிட்டேன்.

*

செவ்வாய்க்கிழமை மாலை, அஸர் தொழுகைக்குப் பிறகு உம்மா என் அறைக்கு வந்து, "பாண்டிருப்புப் புள்ள ஒண்டு வந்திரிக்கி. உள்ளுக்கு வரச் சொன்னா வருதில்ல" என்றார்.

கேசினி சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு வாசலில் நின்றாள். பள்ளிச் சீருடையோடு இருந்தாள். கையில் ஒரு கடைப்பை. அதற்குள் சாரணச் சீருடையும் ஸ்கார்பும், சுருக்கமில்லாமல் மினுக்கி மடித்து. மேலே விசில்.

"இது உங்கட குழுவிடதானே அக்கா. முதலே கொண்டுவந்து தந்திருக்கோணும். அப்பா கடலுக்குப் போகல்ல, வீட்டில இருந்தவர். அதான்."

"உள்ள வாங்க கேசினி. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

"இல்லக்கா. பிந்தினா அம்மா தேடுவா."

உம்மா தேத்தண்ணியை வாசலுக்கே கொண்டுவந்து கொடுத்தார். அவள் நின்றபடி குடித்தாள். சூட்டை ஊதி ஊதி, கோப்பையின் விளிம்புக்கு மேலால் என்னைப் பார்த்தாள்.

"சஹ்லாட கால் சுகமா?"

"சுகம். ஓடித் திரியிறாள்."

"புதுப் பிள்ளைகளும் வந்திருக்காம். நல்லது." அவள் கோப்பையை மதிலின் மேல் வைத்தாள். "அப்பா என்னைக் கண் கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போனவர். மூண்டு நாள் அலைஞ்சது. ஒரு கண்ணப் பொத்தி, மற்றக் கண்ணப் பொத்தி, எல்லா எழுத்தும் வாசிக்கச் சொன்னாங்க. கடைசி வரி வரைக்கும் வாசிச்சனான். கண்ணில ஒண்டுமில்லயாம்."

நான் கடைப்பையை மற்றக் கைக்கு மாற்றினேன்.

"கண்ணில ஏதும் இருந்திருந்தா அப்பாக்கு நிம்மதியா இருந்திருக்கும்" என்றாள். சிரிக்கப் பார்த்தாள், சரியாக வரவில்லை. பாவாடைப் பையில் இருந்து ஒரு கொப்பித்தாளை எடுத்து விரித்தாள். "நான் எல்லாத்தையும் எழுதிப் பாத்தனான் அக்கா. பிழையெண்டாச் சொல்லுங்க. ஒண்டாவது பாலத்தடியில. ரெண்டாவது கரண்டுக் கம்பத்துக்குக் கீழ, குச்சி. மூண்டாவது மதகில, சின்னக் கல்லு..."

அவள் வாசித்தாள். ஒவ்வொன்றும் சரியாக இருந்தது. எந்த அம்பில் எத்தனை கல், எந்தக் குச்சி முறிந்திருந்தது, எந்தப் புல் முடிச்சை நான் இரண்டு தரம் சுற்றியிருந்தேன் என்பதெல்லாம் அந்தத் தாளில் இருந்தது. எனக்கே மறந்துபோயிருந்தவையும் இருந்தன.

"பதினேழாவது மருத மரத்தடியில. புல்லு முடிச்சு. அதுக்குப் பக்கத்தில புல்லு நசுங்கிக் கிடந்தது, ஆரோ கனநேரம் இருந்த மாதிரி. வயல்காரர் ஆரும் சோறு தின்ன இருந்திருப்பாங்களெண்டு நினைச்சனான்." தாளை மடித்தாள். "அதுக்குப் பிறகுதான் சந்தி. அங்க நான் எல்லாரையும் நிப்பாட்டினனான். எட்டுப் பேரும் எட்டுப் பக்கம் பாத்தம். நான் குந்தியிருந்து பாத்தன். இல்ல. நேர போவம் எண்டு சொன்னது நான்தான்."

"கேசினி..."

"நான் ஆரையும் பிழை சொல்ல வரல்ல அக்கா. கல்லு இருந்தது. படத்தில நானும் பாத்தன், சேர் காட்டினவர். அது இருக்கு, நான் காணல்ல." அவளுடைய குரல் அப்போதும் உயரவில்லை. "இப்ப எதப் பாத்தாலும் ரெண்டாந்தரம் பாக்க வேண்டியிருக்கு. ரோட்டுக் கடக்கேக்க ஒண்டும் வரல்லயெண்டு தெரியும், ஆனா காலெடுத்து வைக்கப் பயம். கணக்குச் செய்யேக்க எழுதினதத் திரும்ப அழிச்சு எழுதுறன். நான் கண்டதெண்டு நினைக்கிறது உண்மையா இருக்குதோ எண்டு வருது."

உம்மா உள்ளே குழாயைத் திறந்தார். வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. வாயைத் திறந்தால் முழுவதும் வந்துவிடும் என்று நினைத்தேன். திறந்தேன். வரவில்லை. மதிலின் மேல் இருந்த கோப்பையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

கேசினி சைக்கிளை நிமிர்த்தி, ஒரு காலை மிதியில் வைத்தாள். பிறகு காலை எடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"எனக்கு ஒரு உதவி செய்வீங்களா அக்கா? நாளைக்கு விடியப்புறம், ஸ்கூலுக்குப் போறதுக்கு முதல், என்னை அந்தச் சந்திக்குக் கூட்டிட்டுப் போங்க. கல்லு இப்ப இல்லாட்டியும் பரவாயில்ல, வச்ச இடம் உங்களுக்குத் தெரியும்தானே. அந்த இடத்தில நீங்க நில்லுங்க. நான் அண்டைக்கு நிண்ட இடத்தில போய் நிக்கிறன். நான் என்னத்தப் பாத்துக்கொண்டு அதக் காணாம விட்டனெண்டு ஒருக்கா விளங்கினாப் போதும். கூட்டிட்டுப் போவீங்களா?"